மங்கல் தரவுத் தேடல் மெதுவாக ஓடுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தரவுத்தளத்தில் "வயது சுமார் 36", "வெப்பநிலை கொஞ்சம் அதிகம்" என்றெல்லாம் பதிந்து வைத்திருக்கிறீர்கள். தேடலும் அதே பாணியில்தான் நடக்கிறது: "நடுத்தர வயது என்பதற்கு 0.6 அளவுக்காவது பொருந்துகிறவர்களைக் கொடு." ஆயிரம் பதிவுகள் இருந்தவரை எந்தச் சிக்கலும் இல்லை. பத்து லட்சம் ஆனதும் வினவல் நகர மறுக்கிறது. இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் வரிசைப்பட்டியல்) போட்டும் வேகம் கூடவில்லை. அல்லது வேகம் கூடிவிட்டது, ஆனால் வரவேண்டிய சில பதிவுகள் வரவில்லை. இரண்டாவது வகைதான் எனக்குப் பயம். மெதுவாக ஓடுவதைப் பற்றி யாராவது புகார் சொல்லிவிடுவார்கள். வராத பதிவைப் பற்றிப் புகார் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியைத் தாண்ட வேண்டாம். அதில் வரும் சொற்கள் பின்னால் எல்லா இடத்திலும் தேவைப்படும்.

முதலில்: உங்களுடையது எந்த மங்கல்?

"மங்கல் தரவு" என்ற ஒரே பெயருக்குள் மூன்று தொல்லைகள் இருக்கின்றன. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது.

ஒன்று, தரவு தெளிவாக இருந்து கேள்வி மட்டும் மங்கலாக இருப்பது. புலத்தில் 47 என்று துல்லியமான எண் இருக்கிறது. கேட்பவர் "நடுத்தர வயது" என்கிறார். இரண்டு, தரவே மங்கலாக இருப்பது. புலத்துக்குள்ளேயே "சுமார் 36" உட்கார்ந்திருக்கிறது. மூன்று, எழுத்துப் பிழையோடு வரும் பெயரைத் தேடுவது. கணிதப் பொருளில் மூன்றாவது மங்கல் தரவே அல்ல. ஆனாலும் "ஃபஸ்ஸி சர்ச்" என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் பலர் அதைத்தான் தேடி வருகிறார்கள். அவர்கள் கடைசிக்கு முந்தைய பகுதிக்குப் போகலாம்.

முதல் இரண்டுக்கும் அடிப்படை, 1965-இல் லாட்ஃபி ஸாடே முன்வைத்த மங்கல் கணங்கள். ஒரு பொருள் கணத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்று கேட்காமல், 0 முதல் 1 வரை எந்த அளவுக்கு இருக்கிறது என்று கேட்பது. அந்த அளவை உறுப்புமை என்று இங்கே சொல்கிறேன். நடைமுறையில் பெரும்பாலோர் அதைச் சரிவகமாக, நான்கு எண்களில் வைத்துக்கொள்கிறார்கள்: அ, ஆ, இ, ஈ. அ-வுக்குக் கீழே உறுப்புமை 0; அ-விலிருந்து ஆ வரை ஏறுகிறது; ஆ முதல் இ வரை முழுதாக 1; பிறகு ஈ வரை இறங்கி 0 ஆகிறது. அ முதல் ஈ வரை உள்ளதை அடி என்றும், ஆ முதல் இ வரை உள்ளதை உச்சி என்றும் வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரை முழுவதும் "நடுத்தர வயது" என்றால் (35, 40, 50, 60). "சுமார் 36" என்றால் (32, 35, 37, 42).

இனி ஒரே ஒரு விதி. மங்கலான கேள்விக்கு இண்டெக்ஸ் விடை சொல்லாது. பெரியது, சிறியது, மேலே படுகிறது, படவில்லை என்பவை மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே அதனிடம் கேட்க வேண்டியது, எந்தப் பதிவுகள் நிச்சயமாகப் பொருந்தாது என்பதை மட்டும்தான். எஞ்சியவற்றை எடுத்து உறுப்புமையைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பது நம் பொறுப்பு. முறத்தில் பதர் கொஞ்சம் தங்கலாம். நெல்மணி வெளியே பறந்துவிடக் கூடாது. கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை பதர் அதிகமாகத் தங்கியதாலோ நெல் பறந்ததாலோ வருபவை.

அறிகுறி: இண்டெக்ஸ் இருக்கிறது, வினவல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை

தரவு தெளிவு, கேள்வி மங்கல் என்ற வகையில் முதலில் வரும் புகார் இது. உங்கள் தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ் என்றால், வினவல் எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். "சீக் ஸ்கேன்" (அட்டவணை முழுவதையும் வாசிப்பது) என்று ஒரு வரி, அதன் கீழே "ஃபில்டர்" வரியில் நீங்கள் எழுதிய உறுப்புமை ஃபங்ஷனின் பெயர், அதற்கும் கீழே "ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்டர்" என்று லட்சக்கணக்கில் ஓர் எண். மூன்றும் இருந்தால் நோய் உறுதி.

காரணம் எளிது. நிபந்தனையில் "உறுப்புமை(வயது) 0.6-க்குக் குறையாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள். இண்டெக்ஸில் வயது வரிசையாக இருக்கிறது, உறுப்புமை இல்லை. வயதை ஃபங்ஷனுக்குள் பூட்டிவிட்டால் அந்த வரிசையைப் பயன்படுத்த வழியில்லை. ஒவ்வொரு பதிவையும் எடுத்துக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மருந்து, கட்-ஆஃப் அளவை, அதாவது நீங்கள் கேட்கும் குறைந்தபட்ச உறுப்புமையை, வயதின் எல்லைகளாக மாற்றிவிடுவது. இதற்கு ஆல்பா வெட்டு என்று பெயர்.

இடது எல்லை = அ + கட்-ஆஃப் × (ஆ − அ)
வலது எல்லை = ஈ − கட்-ஆஃப் × (ஈ − இ)

நடுத்தர வயது, கட்-ஆஃப் 0.6 என்றால் இடது எல்லை 35 + 0.6 × 5 = 38; வலது எல்லை 60 − 0.6 × 10 = 54. இனி "வயது 38-க்கும் 54-க்கும் இடையில்" என்று எழுதினால் போதும். மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் உடனே வேலைக்கு வந்துவிடும். இந்த வகையில் பதரே கிடையாது. வெட்டுக்குள் விழுந்ததெல்லாம் விடைதான்.

கேள்வியில் ஒன்றுக்கு மேற்பட்ட மங்கல் நிபந்தனைகள் சேரும்போதுதான் கவனம் வேண்டும். "மற்றும்" என்பதற்குச் சிறும மதிப்பை எடுத்துக்கொள்பவர் என்றால் ஒவ்வொரு நிபந்தனைக்கும் அதே கட்-ஆஃப் வெட்டைப் போடலாம். பெருக்கற்பலன் எடுப்பவரும் அதையே போடலாம், ஒன்று 0.6-க்குக் கீழே போனால் பெருக்கற்பலனும் கீழேதான் இருக்கும். ஆனால் இங்கே இறுதிச் சரிபார்ப்பு தேவை, ஏனென்றால் 0.7 × 0.7 என்பது 0.49 தான். சராசரி எடுப்பவர்கள்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். இரண்டு நிபந்தனைகளின் சராசரி 0.7 வேண்டும் என்றால், ஒவ்வொன்றுக்கும் 0.7 வெட்டு போட்டுவிடுகிறார்கள். ஒன்று 1.0, இன்னொன்று 0.5 என்று இருக்கும் பதிவின் சராசரி 0.75, அது விடையில் வர வேண்டியது, பறந்துவிட்டது. சரியான வெட்டு 2 × 0.7 − 1, அதாவது 0.4.

"மிக" என்ற அடைமொழிக்கு உறுப்புமையை இருமடி செய்வது வழக்கம். அப்படியானால் மிக நடுத்தர வயது 0.64 என்பது நடுத்தர வயது 0.8 என்பதற்குச் சமம். வெட்டை அங்கே போடுங்கள். "அல்லாத" என்று வந்தால் வெட்டுக்கு வெளியே இருபுறமும் இரண்டு எல்லைகள் கிடைக்கும். அட்டவணையில் பெரும்பகுதி அதில் விழுமானால் முழு வாசிப்பைத் தேர்ந்தெடுக்கும் தரவுத்தளத்தோடு சண்டை போட வேண்டாம். அதன் கணக்கு சரி.

அறிகுறி: சிறிய எண்களுக்கு வேகம், பெரிய எண்களுக்கு ஆமை

இதிலிருந்து தரவே மங்கலாக இருப்பவர்களின் பகுதி. நான்கு எண்களையும் நான்கு புலங்களில் வைத்து, அ, ஈ இரண்டுக்கும் சேர்த்து ஒரு பி-ட்ரீ இண்டெக்ஸ் போட்டிருப்பீர்கள். 10 வயதுக்கு அருகில் தேடினால் கண் இமைப்பதற்குள் விடை வருகிறது. 70-க்கு அருகில் தேடினால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

இரண்டு இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று படுகின்றனவா என்பதற்கான நிபந்தனையைப் பாருங்கள்: பதிவின் அ, கேள்வியின் ஈ-யை மிஞ்சக் கூடாது, பதிவின் ஈ, கேள்வியின் அ-வுக்குக் குறையக் கூடாது. இண்டெக்ஸின் முதல் புலம் அ. ஆகவே அது "அ, 75-க்குள்" என்ற துண்டை மொத்தமாக வாரி எடுத்துக்கொள்கிறது. அட்டவணையில் பெரும்பகுதி அதற்குள்ளேதான் இருக்கும். ஈ-யின் நிபந்தனை அந்தத் துண்டைச் சுருக்க உதவாது. இண்டெக்ஸில் ஈ-யை முன்னால் வைத்துப் பாருங்கள். நோய் தீராது, இடம் மாறும்: இப்போது பெரிய எண்கள் பறக்கும், சிறிய எண்கள் படுத்துவிடும். இரண்டுக்கும் தனித்தனி இண்டெக்ஸ் போட்டு இரண்டின் விடைகளையும் வெட்டிக்கொள்ளும் முறையும் உண்டு. அதில் இரு ஓரங்களும் தேறும், நடுப்பகுதி வாங்கிக்கட்டிக்கொள்ளும்.

பி-ட்ரீ ஒரு கோட்டில் வரிசைப்படுத்தக்கூடிய ஒற்றை எண்களுக்காக உருவானது. இடைவெளிக்கு இரண்டு முனைகள். அதற்கு வேறு மரம் வேண்டும்.

போஸ்ட்கிரெஸில் 9.2 பதிப்பிலிருந்தே ரேஞ்ச் என்ற இடைவெளித் தரவு வகை இருக்கிறது. அடியை ஒரு நம்ரேஞ்ச் (எண் இடைவெளி) புலமாக வைத்து அதன்மேல், இடைவெளிகளையும் கையாளும் மர வகையான ஜிஸ்ட் இண்டெக்ஸ் போடுங்கள். தேடும்போது, "ஒன்றன்மேல் ஒன்று படுகிறதா" என்று கேட்கும் இரட்டை ஆம்பர்சாண்ட் (&&) குறியைப் பயன்படுத்துங்கள். எஸ்க்யூலைட் என்றால் அதன் ஆர்-ட்ரீ மாட்யூல் போதும். 1984-இல் ஆன்டனின் கட்மன் அறிமுகப்படுத்திய ஆர்-ட்ரீயின் வழிவந்தது அது. அதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. ஆயங்களை அது 32 பிட் எண்களாகச் சுருக்கி வைக்கிறது. சுருக்கும்போது கீழ் எல்லையைக் கீழ்நோக்கியும் மேல் எல்லையை மேல்நோக்கியும் தள்ளுகிறது. பதர் கூடினாலும் நெல் பறக்காது என்ற விதியை எழுதியவர்கள் புரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல்லில் ரேஞ்ச் வகை இல்லை. இடைவெளியை ஒரு கோட்டுத் துண்டாக ஸ்பேஷியல் புலத்தில் வைத்துக்கொள்ளலாம். 8-ஆம் பதிப்பில் அந்தப் புலத்துக்கு எஸ்ஆர்ஐடி (ஆயமுறை எண்) 0 என்று வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால், வினவலைத் திட்டமிடும் ஆப்டிமைசர் அந்த இண்டெக்ஸைக் கண்டுகொள்ளாது. இந்த ஒரு வரி தெரியாமல் ஒரு முழு நாளைத் தொலைத்தவன் எழுதுகிறேன்.

பி-ட்ரீயைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாதவர்களுக்கு ஓர் எளிய தந்திரம்: உங்கள் தரவில் மிக அகலமான அடி எவ்வளவு என்று பாருங்கள். அது 10 என்றால், கேள்வியின் அ-வுக்கு 10-க்கும் மேல் இடப்பக்கம் தொடங்கும் எந்தப் பதிவும் கேள்வியைத் தொடவே முடியாது. ஆகவே "அ, கேள்வியின் அ கழித்தல் 10-க்குக் குறையாமல்" என்று ஒரு கூடுதல் நிபந்தனை எழுதுங்கள். முடிவில்லாமல் இடப்பக்கம் நீண்டிருந்த துண்டு குட்டையாகிவிடும். அகலங்கள் கலவையாக இருந்தால் 10 வரை, 10 முதல் 40 வரை என்று வகுப்பு பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடி இணையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, நன்றாக ஓடும்.

அறிகுறி: ஜிஸ்ட்டும் போட்டாயிற்று, எதைத் தேடினாலும் ஒரு பெருங்கூட்டம் கூடவே வருகிறது

வந்த கூட்டத்தில் சில பதிவுகளைக் கண்ணால் பாருங்கள். பெரும்பாலும் அடி 0 முதல் 120 வரை இருக்கும். யாரோ ஒருவர் "வயது தெரியவில்லை" என்பதை அப்படி எழுதி வைத்திருக்கிறார். நான் பராமரித்த ஒரு பதிவேட்டில் படிவத்தில் வயதை விட்டுவிட்டால் நிரல் தானாகவே இந்த 0–120-ஐ நிரப்பியது. ஒவ்வொரு தேடலிலும் அவை அனைத்தும் ஆஜராகிக்கொண்டிருந்தன. கணிதப்படி அதில் தவறில்லை. தெரியாத வயது எந்த வயதாகவும் இருக்கலாம்தானே. ஆனால் மரத்துக்கு அது விஷம். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு 0–120 நுழைந்தாலும் அந்தப் பக்கத்தின் எல்லை முழுக் கோட்டுக்கும் விரிந்துவிடும். பிறகு எந்தத் தேடலும் அந்தப் பக்கத்தை ஒதுக்க முடியாது.

தெரியாதவற்றைத் தனியே பிரியுங்கள். ஒரு பூலியன் (ஆம்/இல்லை) புலம் வைத்து, சில பதிவுகளை மட்டும் சேர்க்கும் பகுதி இண்டெக்ஸ் மூலம் அவற்றை ஜிஸ்ட்டிலிருந்து வெளியே நிறுத்துங்கள். கேட்பவருக்கு அவை வேண்டுமென்றால் யூனியன் மூலம் சேர்த்துக்கொள்ளலாம், பெரும்பாலும் வேண்டியிருக்காது. "60-க்கு மேல், எவ்வளவு என்று தெரியாது" போன்றவற்றுக்கு 120 என்று முனை கட்டாமல், போஸ்ட்கிரெஸில் எல்லையைத் திறந்தே விட்டுவிடுங்கள். முடிவிலி எல்லை உள்ள ரேஞ்சுகளை ஜிஸ்ட் தனி வகையாகப் பார்த்துப் பிரித்து வைக்கும். 120 என்று எழுதினால் அது வெறும் பருத்த ரேஞ்சாகத்தான் தெரியும்.

இன்னொன்று: "தெரியவில்லை", "பொருந்தாது", "வெறுமை" மூன்றும் ஒன்றல்ல. தெரியவில்லை என்றால் எல்லா மதிப்புக்கும் சாத்தியம் 1. பொருந்தாது என்றால் எல்லாவற்றுக்கும் 0. வெறுமை என்றால் இந்த இரண்டில் எது என்பதே தெரியாத நிலை. மூன்றையும் NULL என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டால் பிறகு எந்த இண்டெக்ஸாலும் பிரித்தெடுக்க முடியாது.

தெரியாதவை ஒழிந்த பிறகும் கூட்டம் குறையவில்லையா? உங்கள் கட்-ஆஃப் என்ன என்று பாருங்கள். எப்போதும் 0.8-க்கு மேல்தான் கேட்கிறீர்கள் என்றால் அடியை இண்டெக்ஸ் செய்வது வீண்செலவு. இரண்டு மங்கல் எண்கள் 0.8 அளவுக்குப் பொருந்துவதற்கு, அவற்றின் 0.8 வெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படவேண்டும். ஆகவே 0.8 வெட்டையே இண்டெக்ஸ் செய்யுங்கள். கட்-ஆஃப் மாறிக்கொண்டே இருக்கும் என்றால் 0, 0.5, 0.8 என்று இரண்டு மூன்று மட்டங்களில் வெட்டுகளைச் சேமித்து, கேட்ட அளவைத் தாண்டாத மட்டங்களில் உயர்ந்ததைப் பயன்படுத்துங்கள். 0.7 கேட்டால் 0.5 மட்டம். அவசரத்தில் 0.8-ஐ எடுத்துவிட்டால் அடுத்த பகுதிக்கு வந்து சேர்வீர்கள்.

அறிகுறி: வேகம் பிரமாதம், சில பதிவுகள் காணவில்லை

நான் அதிக நேரம் செலவழித்த பகுதி இது. காரணங்களை நான் சந்தேகிக்கும் வரிசையிலேயே தருகிறேன்.

முதல் சந்தேகம், அடிக்குப் பதிலாக உச்சியை இண்டெக்ஸ் செய்திருப்பது. மேலே சொன்ன இரண்டு சரிவகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 36-இன் உச்சி 35 முதல் 37 வரை; நடுத்தர வயதின் உச்சி 40 முதல் 50 வரை. உச்சிகள் தொடவே இல்லை. ஆனால் முன்னதன் இறங்கும் சரிவும் பின்னதன் ஏறும் சரிவும் 38.5-இல் சந்திக்கின்றன, அங்கே உறுப்புமை 0.7. அதாவது இவர் நடுத்தர வயதினராக இருக்கும் சாத்தியம் 0.7. கட்-ஆஃப் 0.6 என்றால் இவர் விடையில் இருக்க வேண்டியவர். வெட்டுகளைப் பாருங்கள்: 0.6-இல் இவருடைய வலது எல்லை 39, கேள்வியின் இடது எல்லை 38, படுகின்றன. 0.8-இல் 38-உம் 39-உம், படவில்லை. உச்சி இண்டெக்ஸ் 0.6-இலும் இவரைத் தொலைத்திருக்கும்.

இரண்டாவது, போஸ்ட்கிரெஸின் ரேஞ்ச் எல்லை. நம்ரேஞ்ச் ஃபங்ஷனுக்கு இரண்டு எண்கள் மட்டும் கொடுத்தால் இடது எல்லை மூடியும் வலது எல்லை திறந்தும் இருக்கும். 32, 42 என்று கொடுத்தால் 42 அதில் அடங்காது. அது சின்ன இழப்பு. பெரிய இழப்பு, முக்கோண வடிவ எண்களின் உச்சியைச் சேமிக்கும்போது நடக்கிறது. உச்சி ஒரே புள்ளி என்பதால் 37, 37 என்று கொடுப்பீர்கள். 37-இல் தொடங்கு, ஆனால் 37-ஐச் சேர்க்காதே என்று பொருளாகி, ரேஞ்ச் காலியாகிவிடும். காலி ரேஞ்ச் எதன்மேலும் படாது. பிழைச்செய்தி வராது, எச்சரிக்கை வராது. பதிவு உயிரோடிருக்கும், தேடலில் மட்டும் தென்படாது. மூன்றாவது மதிப்பாக இருபுறமும் சதுர அடைப்புக்குறியைக் கொடுத்தால் தீர்ந்தது. ஏற்கெனவே சேமித்தவற்றை ஐஎஸ்எம்ப்டி ஃபங்ஷனைக் கொண்டு எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும்.

மூன்றாவது, தசம எண்கள். 0.1, 0.7 போன்றவை இரும முறையில் முழுதாக அடங்குவதில்லை. வெட்டின் எல்லை நூலிழை நகர்ந்து, சரியாக எல்லையில் நிற்கும் பதிவு வெளியே விழுந்துவிடும். நியூமெரிக் வகையைப் பயன்படுத்துங்கள், அல்லது முதற்கட்ட வடிகட்டலின் எல்லைகளை மட்டும் இருபுறமும் மிகச் சிறிதளவு விரித்துவிட்டு, கணக்கை இறுதிச் சரிபார்ப்புக்கு விட்டுவிடுங்கள்.

நான்காவது, சாத்தியமும் நிச்சயமும் குழம்புவது. "இவர் நடுத்தர வயதினராக இருக்கலாம்" என்பது ஒரு கேள்வி; "இவர் நடுத்தர வயதினர்தான்" என்பது வேறு. இரண்டாவதற்கு வெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று பட்டால் போதாது. முதலில் பதிவின் உச்சியாவது கேள்வியின் ஆல்பா வெட்டுக்குள் முழுதாக அடங்க வேண்டும், பிறகு இறுதிச் சரிபார்ப்பும் வேண்டும். எனவே நிச்சயத்தைத் தேடுபவருக்கு உச்சியின்மேல் ஓர் இண்டெக்ஸும் "உள்ளடங்கியது" என்ற ஆபரேட்டரும் தேவை. அடியின்மேல் இருக்கும் இண்டெக்ஸையே வைத்து, "அடி முழுதும் உள்ளே" என்று கேட்டால் தகுதியானவர்கள் தொலைந்துபோவார்கள்.

அறிகுறி: முதல் ஐந்து முறை வேகம், ஆறாவது முறையிலிருந்து மெதுவாகிறது

எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு, ஆனால் எண்ணினால் பெரும்பாலும் ஐந்துதான் வரும். போஸ்ட்கிரெஸ் ஒரு தயாரித்த வினவலை (ஒருமுறை எழுதி, மதிப்புகளை மட்டும் மாற்றி மீண்டும் மீண்டும் ஓட்டுவதை) முதல் ஐந்து முறை, கொடுத்த மதிப்புகளைப் பார்த்துத் திட்டமிடுகிறது. பிறகு மதிப்புகளைப் பார்க்காத பொதுத் திட்டம் அதிகச் செலவாகாது என்று தோன்றினால் அதற்கு மாறிவிடுகிறது. மங்கல் தேடலில் கட்-ஆஃப்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, 0.9-க்கும் 0.1-க்கும் ஒரே திட்டம் சரிவராது. பிளான் கேஷ் மோட் அமைப்பை அந்த இணைப்புக்கு மட்டும் கஸ்டம் பிளானுக்கு மாற்றுங்கள். 12-ஆம் பதிப்பிலிருந்து இது இருக்கிறது.

இதன் உறவுக்காரச் சிக்கல் ஒன்று: நீங்கள் எழுதிய உறுப்புமை ஃபங்ஷன் எத்தனை பதிவுகளைத் தள்ளும் என்று தரவுத்தளத்தின் திட்டமிடும் பகுதிக்குத் தெரியாது. பூலியன் ஃபங்ஷன் என்றால் மூன்றில் ஒரு பங்கு தேறும் என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளும். எல்லைகளை வெளிப்படையாக எழுதிக் கொடுப்பது இங்கேயும் உதவுகிறது.

அறிகுறி: "நடுத்தர வயது" என்பதன் வரையறையை மாற்றியதும் விடைகள் தாறுமாறு

பதிவில் நேரடியாகச் சரிவகம் இல்லாமல் "நடுத்தர வயது" என்ற சொல் மட்டும் இருந்து, அதன் நான்கு எண்கள் தனி அட்டவணையில் இருக்கின்றன. அந்த அட்டவணையைப் படித்து வெட்டைத் தரும் ஃபங்ஷனின்மேல் இண்டெக்ஸ் போட முயன்றிருப்பீர்கள். மாறாத ஃபங்ஷன்மேல்தான் போடலாம் என்று போஸ்ட்கிரெஸ் மறுத்திருக்கும். உடனே அதை "இம்யூட்டபிள்" என்று அறிவித்து வாயை அடைத்திருப்பீர்கள். தரவுத்தளம் அதை நம்பிவிட்டது. இப்போது 35 என்பதை 33 என்று மாற்றினால், புதிய பதிவுகள் புதிய எண்ணோடும் பழையவை பழைய எண்ணோடும் ஒரே இண்டெக்ஸில் குடியிருக்கும்.

உடனடித் தீர்வு, ரீஇண்டெக்ஸ், அதாவது இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டுவது. நிரந்தரத் தீர்வு, அந்தப் பொய்யைத் திரும்பப் பெறுவது: வெட்டை உண்மையான புலமாகச் சேமித்து, வரையறை மாறும்போது டிரிகர் (மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் நிரல்) மூலம் புதுப்பியுங்கள். இன்னும் எளிய வழியும் உண்டு. சொற்கள் ஏழெட்டுத்தான் என்றால் பதிவுகளை இண்டெக்ஸ் செய்ய வேண்டியதே இல்லை. முதலில் எந்தச் சொற்கள் கேள்விக்குப் பொருந்துகின்றன என்று சின்ன அட்டவணையில் கணக்கிட்டு, அந்தச் சொற்களின் பட்டியலை மட்டும் பெரிய அட்டவணையில் தேடுங்கள்.

எண்ணே இல்லாத மங்கலுக்கும் இதே வழிதான். முடி நிறம் "பழுப்பு" என்று தேடுகிறவருக்குச் "செம்பழுப்பு" 0.7 அளவுக்கு ஒத்தது என்று ஓர் ஒப்புமை அட்டவணை வைத்திருப்பீர்கள். அதில் 0.6-க்கு மேல் உள்ள நிறங்களை எடுத்து வினவலில் பட்டியலாகக் கொடுங்கள். செம்பழுப்புக்கு ஒத்தது சிவப்பு என்று சங்கிலி போட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள். ஒப்புமை இப்படி ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கடத்தக்கூடியது என்று நீங்களே வரையறுத்திருந்தால் தவிர அது செல்லாது.

அறிகுறி: "மிகப் பொருத்தமான பத்துப் பேர்" என்றால் மட்டும் மெதுவாகிறது

உறுப்புமைப்படி இறங்குவரிசையில் அடுக்கிப் பத்தை எடு என்றால், பத்து லட்சத்துக்கும் உறுப்புமை கணக்கிட்ட பிறகுதான் அடுக்க முடியும். மேலிருந்து இறங்கி வாருங்கள். முதலில் கட்-ஆஃப் 1 வைத்துக் கேளுங்கள். பத்துப் பேர் கிடைத்தால் முடிந்தது. கிடைக்காவிட்டால் 0.8, பிறகு 0.6. ஒரு மட்டத்தில் பத்து நிறைந்துவிட்டால் வெளியே இருப்பவர்கள் எல்லோரும் அந்த மட்டத்துக்குக் கீழே என்பது உறுதி. மேலும் தேட வேண்டாம். வெவ்வேறு இண்டெக்ஸ்களிலிருந்து வரும் பல மங்கல் அளவுகளைச் சேர்க்க வேண்டியவர்கள் ரொனால்ட் ஃபேகின், அம்னான் லோடெம், மோனி நவோர் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட த்ரெஷோல்ட் அல்காரிதத்தைப் பாருங்கள். கருத்து இதேதான், இன்னும் இறுக்கமாக.

அறிகுறி: எழுத்துப் பிழையோடு தேடினால் மெதுவாகிறது, அல்லது கிடைக்கவில்லை

சொற்களை மூன்றெழுத்துத் துண்டுகளாக ஒப்பிடும் போஸ்ட்கிரெஸின் பிஜி டிரைகிராம் நீட்டிப்பைப் போட்டும் வேகம் வரவில்லையென்றால், "சிமிலாரிட்டி" ஃபங்ஷனை நிபந்தனையில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். முதல் அறிகுறியில் பார்த்த அதே நோய்தான். இண்டெக்ஸ் விழிக்க வேண்டுமானால் சதவீதக் குறி ஆபரேட்டரை எழுத வேண்டும். அதன் கட்-ஆஃப் தனி அமைப்பில் இருக்கிறது, இயல்பு மதிப்பு 0.3. நெருக்கமான வரிசையில் சில மட்டும் வேண்டுமென்றால் ஜிஸ்ட் இண்டெக்ஸ் தேவை. இதற்குப் பயன்படும் இன்னொரு வகையான ஜின் இண்டெக்ஸால் அந்த வரிசைப்படுத்தலைச் செய்ய முடியாது.

தமிழ்ப் பெயர்களைத் தேடுகிறவர்கள் இன்னொன்றைச் சோதிக்க வேண்டும். "கொ" என்பதில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தரவுத்தளத்துக்கு வேறு வேறு. ஒரு படிவத்திலிருந்து ஒரு வகையும் இன்னொரு கோப்பிலிருந்து மறுவகையும் வந்து சேர்ந்தால், பிழையே இல்லாத பெயரும் பிழையுள்ளதாகத் தெரியும். சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் ஃபங்ஷன் வழியாக ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அது உள்ளேயே இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை திருத்தம் வேண்டும் என்று எண்ணும் லெவன்ஷ்டைன் தூரமும் குறியெண்களைத்தான் எண்ணுகிறது, நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல. "கு" என்பதைக் "கூ" என்று எழுதினாலும் ஒரு பிழை, "க்" என்பதில் புள்ளி விட்டுப்போனாலும் ஒரு பிழை. ஒலிப்பை வைத்துப் பெயர்களை ஒப்பிடும் சவுண்டெக்ஸ் பக்கம் போகவே வேண்டாம். அது ஆங்கில ஒலிகளுக்கென்று அமைந்தது.

எதுவும் பொருந்தாவிட்டால்

ஒரே சோதனை மிச்சமிருக்கிறது. உங்கள் வினவலிலிருந்து முதற்கட்ட வடிகட்டலை முழுதாக நீக்கி, உறுப்புமைக் கணக்கை மட்டும் வைத்து மெதுவான வடிவம் ஒன்றை எழுதுங்கள். அதன் விடையிலிருந்து வேகமான வடிவத்தின் விடையை எக்செப்ட் மூலம் கழியுங்கள். காலியாக வர வேண்டும். இண்டெக்ஸை வெறுமனே அணைத்துப் பார்ப்பது போதாது. தவறு வடிகட்டும் நிபந்தனையில் இருந்தால் இண்டெக்ஸ் இல்லாமலும் அதே பதிவுகள்தான் தொலையும். கட்-ஆஃப் 0-ஐ ஒட்டி ஒருமுறை, 1-இல் ஒருமுறை, நடுவில் எங்காவது ஒருமுறை ஓடவிடுங்கள். கழித்தலில் ஒரு பதிவு எஞ்சினாலும் அதன் நான்கு எண்களைத் தாளில் சரிவகமாக வரைந்து, பக்கத்தில் கேள்வியின் சரிவகத்தையும் வரையுங்கள். எந்த முனையைத் தவறாக எடுத்தீர்கள் என்பது பெரும்பாலும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.